வளரிளம் பருவப் பிள்ளைகளும் பெரியவர்களின் பேச்சும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும் நாள்களில், மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகும் இரண்டு மூன்று பேர் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்பார்கள். "டீச்சர், இவன் வீட்டில் வாயையே திறப்பதில்லை", "எது சொன்னாலும் எரிந்து விழுகிறாள்" என்று மெல்லத் தொடங்குவார்கள். பிள்ளை எப்படிப்பட்ட ஆளாக வளரப்போகிறது என்ற கவலை அந்தப் பேச்சில் தெரியும். 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்துவரும் எனக்கு, வாசலில் நின்றபடி அவசரத்தில் சொன்ன பதில்கள் போதவில்லை என்ற மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. மறுபடி மறுபடி கேட்கப்பட்ட கேள்விகளையும், படித்தும் பார்த்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

வளரிளம் பருவம் என்பது எந்த வயது? அப்போது அப்படி என்னதான் நடக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 10 வயது முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்த வயதில் இருந்தவர்கள் சுமார் 25 கோடிப் பேர். அதாவது ஐந்தில் ஒருவர்.

உடலில் ஏற்படும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மூளையில் நடப்பது தெரிவதில்லை. உணர்ச்சியையும் கிளர்ச்சியையும் கையாளும் பகுதிகள் இந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. யோசித்து, நிதானித்து, விளைவை எடைபோடும் வேலையைச் செய்யும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை மெல்ல முதிர்கிறது. 15 வயதுப் பையன் காலையில் பெரிய மனிதன்போலப் பேசிவிட்டு மாலையில் ஒரு சின்ன விஷயத்துக்குக் கதவை அறைந்து சாத்துவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இந்தப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமாக வர்ணித்தார். அந்தச் சித்திரம் இன்றும் பலர் மனத்தில் இருக்கிறது. ஆனால், பின்னர் வந்த ஆய்வுகள், பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோர்மீது பாசத்தோடும் நம்பிக்கையோடும்தான் இந்த ஆண்டுகளைக் கடக்கிறார்கள் என்றே காட்டுகின்றன. சண்டைகள் வருகின்றன; அவை பெரும்பாலும் அறையைச் சுத்தமாக வைப்பது, தலைமுடி, செல்போன், வீடு திரும்பும் நேரம் போன்ற அன்றாட விஷயங்களைப் பற்றியவை.

குணம் பிறவியிலேயே வருவதுதானே? நாம் பேசும் விதத்தால் அது மாறிவிடுமா?

பிறவிக் குணம் என்று ஒன்று உண்டு. கூச்சம், முன்கோபம், துடிப்பு, நிதானம் ஆகியவற்றில் கணிசமான பங்கு மரபு வழியாக வருகிறது என்பதை இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூச்சத்தோடு பிறந்த பிள்ளையை யாரும் பேசிப் பேசி மேடைப் பேச்சாளராக்கிவிட முடியாது. ஆனால், அந்தப் பிள்ளை "நான் அமைதியானவள், யோசித்துப் பேசுகிறவள்" என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொள்கிறாளா, "நான் ஊமை, எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று நினைத்துக்கொள்கிறாளா என்பது பிறவியில் வருவதில்லை.

மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பார்த்த உளவியலாளர் எரிக் எரிக்சன், ஐந்தாவது கட்டமான இந்தப் பருவத்தின் மையக் கேள்வி "நான் யார்?" என்பதே என்றார். இந்தக் கேள்விக்கான விடையைப் பிள்ளைகள் தனியே உட்கார்ந்து கண்டுபிடிப்பதில்லை. ஒரு கருத்தைச் சொல்லிப் பார்க்கிறார்கள், ஒரு உடையைப் போட்டுப் பார்க்கிறார்கள், ஒரு முடிவை அறிவித்துப் பார்க்கிறார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தில் என்ன தெரிகிறது என்று கவனிக்கிறார்கள்.

ஓர் உதாரணம். ஞாயிற்றுக்கிழமை மதியம், குழம்புச் சட்டி நடுவில் இருக்க எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், 14 வயது மகள் "இனிமேல் நான் கறி சாப்பிடப் போவதில்லை" என்கிறாள். "ஆரம்பித்துவிட்டாள், நாலு நாளைக்கு இந்தக் கூத்து" என்று அப்பா சிரிக்கலாம். "பேசாமல் சாப்பிடு" என்று அம்மா அதட்டலாம். "எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது?" என்று பாட்டி கேட்கலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் அவள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: கறிக்கடை வாசலில் கண்டது, அறிவியல் பாடத்தில் படித்தது, தோழி சொன்னது என்று காரணங்களைக் கோத்துச் சொல்கிறாள். சொல்லச் சொல்லத் தன் மனம் அவளுக்கே புலப்படுகிறது. மறுமாதம் அவள் மறுபடி கறி சாப்பிடத் தொடங்கலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தன் எண்ணத்தைக் காரணத்தோடு ஒரு பெரியவர் முன் வைக்க முடியும், அவர் கேட்பார் என்ற அனுபவம் அவளிடம் தங்கிவிடுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, மனிதர்களுக்கு இடையே நடப்பதுதான் பின்னர் ஒருவரின் மனத்துக்குள் நடப்பதாக மாறுகிறது என்று விளக்கினார். வீட்டில் தினமும் கேட்கும் குரல், சில ஆண்டுகளில் பிள்ளையின் உள்குரலாகிவிடுகிறது. தேர்வுத் தாளைக் கையில் வாங்கியதும் "உன்னால் முடியாது" என்று மனத்துக்குள் கேட்கும் குரல் யாருடையது என்று மாணவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். பலருக்குப் பதில் உடனே தெரிகிறது.

சின்ன வயதில் ஓயாமல் பேசிய பிள்ளை, இப்போது எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்கிறது. எங்களை வெறுத்துவிட்டதா?

இல்லை. தனக்கென்று ஓர் உள்ளறை வேண்டும் என்று கேட்கிறது. இந்தப் பருவத்தில் "நானும் பெரியவன்தான்" என்ற உணர்வு தலைதூக்குவதை எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளர் ஆளுமை வளர்ச்சியின் முக்கியமான புது வரவாகக் கருதினார். உடல் வளர்ந்துவிட்டது, மனமும் பெரியவர்களோடு சமமாக நிற்க விரும்புகிறது, ஆனால் வீட்டில் பேச்சு மட்டும் எட்டு வயதுக் குழந்தையிடம் பேசும் பேச்சாகவே இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் மௌனம் குடியேறுகிறது.

நாம் கேட்கும் கேள்விகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். "சாப்பிட்டாயா? படித்தாயா? எத்தனை மார்க்? யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய்?" ஒரு நாளில் நாம் பிள்ளையிடம் பேசியதை எழுதிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி விசாரணையாகவும் மீதி உத்தரவாகவும் இருப்பதைக் கண்டு நாமே திடுக்கிடுவோம். விசாரணைக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வது எந்த வயதினருக்கும் இயல்பு.

நேரமும் முக்கியம். பருவமடைந்த பிறகு உடலின் தூக்கக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பெரியவர்கள் கொட்டாவி விடும் இரவு பத்தரை மணிக்குத்தான் பிள்ளைகள் விழிப்போடு இருக்கிறார்கள். காலையில் பள்ளி வேனுக்கு ஓடும்போது பேசாத பிள்ளை, இரவில் அடுப்படியைக் கழுவிவிட்டுக் கொண்டிருக்கும்போது வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றால், அது ஏதோ சொல்ல வந்திருக்கிறது என்று பொருள். "போய்த் தூங்கு, காலையில் எழுந்திருக்க வேண்டாமா?" என்று அனுப்பிவிடாதீர்கள்.

முகம் பார்த்துப் பேசுவதுதான் நல்ல பேச்சு என்பதும் இந்த வயதில் எப்போதும் பொருந்தாது. ஒரு மாணவனின் தந்தை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. டியூஷன் முடிந்து மகனை பைக்கின் பின்னால் உட்கார வைத்து அழைத்துவரும் பத்து நிமிடத்தில், வகுப்பில் தன்னைச் சிலர் கேலி செய்வதை அவன் தொட்டுவிட்டு நிறுத்தினானாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி நேராகப் போய், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கூடுதல் நான்கு கிலோமீட்டரில் மகன் மீதியையும் சொல்லிவிட்டான்.

இந்த வயதில் நண்பர்கள் சொல்வதுதானே வேதவாக்கு? எங்கள் பேச்சு எடுபடுமா?

எடுபடும். உடை, பாட்டு, பேச்சு வழக்கு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் நண்பர்களின் செல்வாக்கு அதிகம் என்பது உண்மை. அதில் நாம் போட்டியிடத் தேவையில்லை. எது சரி எது தவறு, என்ன படிப்பது, எப்படி வாழ்வது என்ற கேள்விகளில் பிள்ளைகள் பெரியவர்களின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், கேட்காததுபோல நடித்துக்கொண்டே கேட்கிறார்கள். வீட்டில் காதுகொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் நண்பர்களின் சொல்லை விட்டால் வேறு கதியில்லாமல் போகிறது.

கண்டிப்பாக இருக்க வேண்டுமா, நண்பராக இருக்க வேண்டுமா?

"தோளுக்கு மிஞ்சினால் தோழன்" என்ற பழமொழியை எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். சிலர் அதை, இனி எதையும் கேட்கக்கூடாது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் அது ஏட்டுக்கு மட்டும் என்று நினைத்துப் பழையபடி அதட்டுகிறார்கள்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பெற்றோரின் போக்குகளை மூன்றாகப் பகுத்தார். முதல் வகையினர் காரணம் சொல்லாமல் கட்டளையிடுபவர்கள். இரண்டாம் வகையினர் அன்பு உண்டு, வரம்பு இல்லை என்று இருப்பவர்கள். மூன்றாம் வகையினர் அன்பும் வரம்பும் சேர்ந்தவர்கள். விதி வைப்பார்கள், அதற்குக் காரணம் சொல்வார்கள், பிள்ளையின் மறுப்பையும் கேட்பார்கள், நியாயம் இருந்தால் விதியை மாற்றுவார்கள். 1983இல் மெக்கோபியும் மார்ட்டினும் நான்காவதாக, அன்பும் வரம்பும் இரண்டுமே இல்லாத அலட்சியப் போக்கைச் சேர்த்தார்கள். பின்னர் நடந்த ஏராளமான ஆய்வுகளில், மூன்றாம் வகை வீடுகளில் வளரும் பிள்ளைகள் தன்னம்பிக்கையிலும் பொறுப்புணர்விலும் பொதுவாக முன்னணியில் இருப்பதும், நான்காம் வகை வீடுகளின் பிள்ளைகளே அதிகம் துன்பப்படுவதும் தெரியவந்தன.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் வேறுபாடு கண்டிப்பின் அளவில் இல்லை, பேச்சில் இருக்கிறது. "ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்பது ஒரு பேச்சு. "ஏழு மணிக்கு மேல் நம் தெருவில் விளக்கு எரிவதில்லை, பேருந்தும் குறைவு, நீ வரும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை; விளையாட்டுப் போட்டி உள்ள நாளில் எட்டு மணி வரை இரு, ஆனால் முன்பே சொல்லிவிடு" என்பது இன்னொரு பேச்சு. இரண்டிலும் வரம்பு இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டு வளரும் பிள்ளை, விதிக்குப் பின்னால் காரணம் இருக்கும் என்பதையும், காரணத்தைப் பேசித் தீர்க்கலாம் என்பதையும் கற்றுக்கொள்கிறது. நாளை நாம் பக்கத்தில் இல்லாத இடத்திலும் தனக்குத்தானே விதி வைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் விதி வைக்கவும் வேண்டாம். ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளரின் பல ஆண்டு ஆய்வுகள் காட்டுவதுபோல, பிறரைத் துன்புறுத்தாமை, பாதுகாப்பு போன்றவற்றில் பெற்றோருக்குச் சொல்ல உரிமை உண்டு என்பதைப் பிள்ளைகளே ஏற்கிறார்கள். தலைமுடி, அறை, பிடித்த பாட்டு ஆகியவை தம் சொந்த விஷயம் என்று கருதுகிறார்கள். சொந்த விஷயத்தில் ஓயாமல் தலையிட்டுத் தீர்த்துவிட்டால், பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டிய நாளில் நம் சொல்லுக்கு மதிப்பு மிஞ்சுவதில்லை.

எங்களை அடித்துத் திட்டித்தான் வளர்த்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம்? திட்டினால் என்ன கெட்டுவிடும்?

"அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும்" என்று சொல்லியே பழகிய ஊர் நம்முடையது. அடிபட்டும் நன்றாக வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வளர்த்தெடுத்தது அடிதானா, அடிக்கு அப்பால் யாரோ காட்டிய அன்பா என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில் மிங்-தே வாங், சாரா கென்னி ஆகியோர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஏறத்தாழ 1000 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 13 வயதில் கத்தல், வசவு, அவமானச் சொல் ஆகியவற்றுக்கு அதிகம் ஆளான பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டில் நடத்தைச் சிக்கல்களும் மனச்சோர்வும் கூடின. என்னை அதிகம் பாதித்த முடிவு வேறு: மற்ற நேரங்களில் பெற்றோர் காட்டிய அன்பு இந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. "திட்டினாலும் பாசம் இருக்கிறதே" என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அங்கே உடைகிறது.

செயலைக் கண்டிப்பதும் ஆளைப் பழிப்பதும் ஒன்றாகா. "மார்க் கேட்பேன் என்று பயந்து தேர்வு நாளை மறைத்துவிட்டாய், அது தவறு" என்றால், அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள முடியும். "நீ பொய்யன்" என்றால் திருத்த எதுவும் இல்லை; அந்தப் பெயரைச் சுமக்கத்தான் முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் அண்ணன் தம்பியோடும் ஒப்பிடுவதும் இந்த வகைதான். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது.

நான் திட்டுவதே இல்லை. மனம் நொந்தால் அழுதுவிடுவேன், அல்லது இரண்டு நாள் பேசாமல் இருந்துவிடுவேன். அதில் தவறு உண்டா?

உண்டு. இதை அம்மாக்களிடம் சொல்வது கடினமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களின் நோவு உண்மையானது. "உனக்காகத்தான் நகையை அடகு வைத்தேன்", "நான் செத்தால்தான் உனக்குப் புரியும்" போன்ற சொற்களும், பேச்சை நிறுத்தித் தண்டிப்பதும் பிள்ளையின் மனத்தை உள்ளிருந்தே பிடித்துக் கட்டுகின்றன. பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1990களில், உளவியல் கட்டுப்பாடு எனப்படும் இதை வெளிப்படையான விதிகளிலிருந்து பிரித்துக் காட்டினார். விதியை எதிர்த்துப் பேசலாம், குற்ற உணர்வை எதிர்த்து யாரிடம் பேசுவது? இப்படி வளரும் பிள்ளைகள் அடங்கிப் போவதால் நல்ல பிள்ளைகள் என்று பெயரெடுக்கிறார்கள். உள்ளே பதற்றத்தோடும் தாழ்வு மனப்பான்மையோடும் இருக்கிறார்கள். வருத்தத்தை நேராகச் சொல்லலாம்: "நீ சொன்னது எனக்கு வலித்தது. இப்போது பேசினால் அழுதுவிடுவேன், சாயங்காலம் பேசலாம்." சொன்னபடி சாயங்காலம் பேசியும் விட வேண்டும்.

செல்போனைத் திறந்து பார்க்கலாமா? கண்காணிக்காவிட்டால் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

பிள்ளைகளின் நடமாட்டத்தை நன்கு அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்று ஆய்வுகள் நீண்ட காலம் சொல்லிவந்தன. அதைக் கண்காணிப்பின் பலன் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டில் ஸ்வீடனில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ஹாகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும், அந்தப் பெற்றோருக்கு விவரம் எப்படித் தெரிகிறது என்ற எளிய கேள்வியைக் கேட்டார்கள். 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டதில், பெற்றோர் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாக வந்து சொன்னவை என்று தெரிந்தது. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்.

எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான செய்தி இதுதான். பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்கிறது. பூட்டைத் திறந்து வாட்ஸ்அப்பைப் படித்தால் ஒரு வாரத்துச் செய்தி கிடைக்கும். அது தெரியவந்த நாளிலிருந்து வரவேண்டிய பல ஆண்டுச் செய்திகள் நின்றுபோகும். செல்போன் வாங்கித் தரும்போதே நேரம், செயலிகள், அறிமுகமில்லாதவர்களோடு பேசுவது ஆகியவை பற்றி வெளிப்படையாக விதி பேசிக்கொள்ளுங்கள். யாரோ மிரட்டுகிறார்கள், பிள்ளைக்கு ஆபத்து என்று உண்மையான அறிகுறி தெரிந்தால் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் "எனக்குப் பயமாக இருக்கிறது, இருவரும் சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பிள்ளை தானாக வந்து ஒரு தவறைச் சொன்னால் என்ன செய்வது?

முதல் ஒரு நிமிடம் எதுவும் சொல்லாதீர்கள். "சொன்னாயே, நல்லது" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அப்போது எதுவும் தேவையில்லை. கண்டிப்பதற்கும் வழி யோசிப்பதற்கும் மறுநாள் இருக்கிறது. முதல் தடவை சொன்னபோது வீட்டில் வெடித்த வெடியைப் பார்த்தபின், அடுத்த தவறை எந்தப் பிள்ளையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

இரண்டு செய்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு. யாராவது தகாத முறையில் தொட்டதாகவோ நடந்துகொண்டதாகவோ பிள்ளை சொன்னால், அதை நம்புங்கள். "உன் மேல் தவறில்லை" என்று உடனே சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் உதவி கிடைக்கும். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருளில் எது சொன்னாலும், பயமுறுத்துகிறான் என்று தள்ளிவிடாமல் பக்கத்திலேயே இருங்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டு மாணவர்களுக்கான பள்ளிக் கல்வித்துறையின் எண் 14417. இந்த இரண்டிலும் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உதவக்கூடியவரிடம் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடாதா?

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்துக் கடினமான புதிர்கள் வந்ததும் துவண்டார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். "மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாயே" என்பது கண்ணால் பார்த்துச் சொன்ன பாராட்டு. அதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் தலைக்கனம் வந்து நான் பார்த்ததில்லை.

என்ன படிப்பது என்பதை நாங்கள் முடிவு செய்யக்கூடாதா? பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், ப்ளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு நடக்கிறது. எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று நான் மாணவியிடம் கேட்டால், அம்மா "பயாலஜி குரூப்" என்று பதில் சொல்கிறார். மாணவி தரையைப் பார்க்கிறாள்.

எரிக்சனின் கருத்தை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் மார்சியா 1966இல், அடையாளத் தேடலில் நான்கு நிலைகளைக் காட்டினார். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்று மிதப்பது ஒன்று. தேடிக்கொண்டிருப்பது ஒன்று. தேடித் தெளிந்து முடிவுக்கு வருவது ஒன்று. தேடாமலே, பிறர் கொடுத்த முடிவை ஏற்றுக்கொண்டுவிடுவது மற்றொன்று. இந்தக் கடைசி நிலை வெளிப்பார்வைக்குத் தெளிவுபோலவே தெரியும். "டாக்டராகப் போகிறேன்" என்று பிள்ளை கேட்கும் முன்பே சொல்லும். இரண்டாம் முறை நீட் எழுதியும் இடம் கிடைக்காதபோது, அல்லது கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் ஆனபின், அந்தத் தெளிவு சரிந்து விழுவதைப் பார்க்கிறோம். அப்போது அவர்களிடம் மாற்று வழியைத் தேடும் பழக்கமே இருப்பதில்லை.

பிள்ளை சுயமாக முடிவெடுத்தால் குடும்பத்தை விட்டு விலகிவிடும் என்ற அச்சம் நம் பெற்றோருக்கு உண்டு. துருக்கிய உளவியலாளர் சிடெம் கயட்சிபாஷி இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர். சுயமாக நிற்பதும் உறவோடு ஒட்டியிருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்பது மேற்கத்திய அனுமானம். குடும்பப் பிணைப்பு வலுவான சமூகங்களில் இரண்டும் சேர்ந்தே வளர முடியும் என்று அவர் நிறுவினார். நமக்கு மிகவும் பொருந்தும் கருத்து இது. செலவு, கடன், வேலைவாய்ப்பு, குடும்ப நிலைமை எல்லாவற்றையும் மறைக்காமல் பிள்ளையின் முன் வையுங்கள். அதன் விருப்பத்தையும் காரணத்தையும் கேளுங்கள். குடும்பக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் 16 வயதுப் பிள்ளைகளின் பொறுப்பு எனக்குப் பலமுறை வியப்பளித்திருக்கிறது.

பெண் பிள்ளைகளிடம் பேசும் விதத்தில் ஏதாவது மாற வேண்டுமா?

மாற வேண்டும். மகள் பூப்பெய்தியதும் பல வீடுகளில் மண்டபம் பிடித்து, மேடை போட்டு, ஊரையே கூட்டி மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறார்கள். அந்த மேடையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம், அவளுடைய உடலில் என்ன நடக்கிறது என்று நிதானமாக உட்கார்ந்து பேசியவர் பெரும்பாலும் யாரும் இல்லை. "அங்கே போகாதே, இப்படி உட்காராதே" என்ற தடைகள் மட்டும் அன்றிலிருந்து தொடங்குகின்றன. அப்பாக்கள் அதே நாளில் ஓரடி விலகிவிடுகிறார்கள். அவர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். நேற்று வரை அப்பாவின் தோளில் சாய்ந்து டிவி பார்த்த பெண், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கிறாள். அரசியல், கிரிக்கெட், வீட்டுச் செலவு, வேலையிடத்தில் நடந்தது என்று எதைப் பற்றியாவது மகளிடம் தினமும் பேசுங்கள் என்று அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது: "ஆம்பளை அழக்கூடாது" என்ற ஒரே வாக்கியத்தால் அவர்களின் பாதி மனத்துக்குப் பேச்சே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். நான் மட்டும் வளர்க்கிறேன். பிள்ளையின் ஆளுமை பாதிக்கப்படுமா?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல துன்பங்களுக்கிடையே பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோராகவே இருக்க வேண்டிய அவசியமில்லாத, நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரின் துணை: பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர்.

உங்கள் குடும்பம் அவ்வளவு துன்பத்தில் இல்லை. வாராவாரம் வீடியோ அழைப்பில் அப்பா பேசுகிறார் என்றால், "அம்மா சொல்வதைக் கேள், நன்றாகப் படி" என்று முடித்துவிடாமல், தன் அறையை, தான் சமைத்ததை, அன்று தனக்கு நேர்ந்த சங்கடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒரு மாமாவோ பயிற்சியாளரோ இருந்தால் அந்த உறவைப் பொறாமையின்றி வளரவிடுங்கள்.

மகனுக்கு 17 வயது. இரண்டு வருடமாகச் சரியாகப் பேசுவதே இல்லை. காலம் கடந்துவிட்டதா?

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். மகனின் செல்போனைக் கோபத்தில் சுவரில் அடித்து உடைத்த நாளிலிருந்து வீட்டில் பேச்சு நின்றிருந்தது. உடைத்தது தவறு என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டபோது, அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தயங்கினார். காரணமோ விளக்கமோ சேர்க்காமல் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடுங்கள், பதிலை எதிர்பார்க்காதீர்கள் என்றேன்.

சொன்னார். மகன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். மறுவாரம் வந்து "ஒரு பலனும் இல்லை டீச்சர்" என்றார். மறுபடி மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், பழையபடி அதட்டவும் வேண்டாம், கடையில் நடப்பதை மட்டும் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருங்கள் என்றேன். இரண்டு மாதம் அவர் மட்டுமே பேசினார், தீபாவளித் துணி மிச்சம், முதலாளியின் புதுக் கணக்குப் புத்தகம், சேலை எடுக்க வந்து மூன்று மணி நேரம் புரட்டிவிட்டுப் போன குடும்பம் என்று.

பொதுத்தேர்வில் இயற்பியல் தாளுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு, மொட்டை மாடியில் படுத்திருந்தவரின் பக்கத்தில் மகன் வந்து நின்றிருக்கிறான். "அப்பா, நாளைக்குப் பயமா இருக்கு" என்றானாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் சற்றுத் தடுமாறியது. "எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை டீச்சர், பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்" என்றார்.